டோக்லாம் பூட்டானின் நிலம். அங்கே போய் நின்றது ஏன் இந்தியப் படை?

திண்ணைவாசி எழுதியது:

கல்லூரியில் படிக்கும் என் மகன் நேற்று இரவுச் சாப்பாட்டின்போது ஒரு கேள்வி கேட்டான். பதில் வராமல் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் இழையைத் திறக்கிறேன்.

2017 ஜூன் 16 அன்று சீனப் படையினர் டோக்லாம் மேட்டில் சாலை போட வந்தார்கள். அந்த இடம் இந்தியாவுடையது அன்று; இந்தியா அதற்கு உரிமை கேட்டதும் இல்லை. பூட்டானும் சீனாவும் தங்களுக்குள் வழக்கு வைத்திருக்கும் நிலம் அது. ஆனால் இரண்டு நாளில் சிக்கிம் பக்கத்திலிருந்து இறங்கி, சாலைக்குக் குறுக்கே நின்றவர்கள் இந்திய வீரர்கள். மொத்தம் 73 நாள் இழுபறி. "பூட்டான் கூப்பிட்டதா அப்பா?" என்கிறான்.

பூட்டான் வெளியுறவு அமைச்சகம் ஜூன் 29 அன்று விட்ட அறிக்கையைத் தேடிப் படித்தேன். சாலை போடுவது 1988, 1998 உடன்பாடுகளுக்கு விரோதம், ஜூன் 16க்கு முந்தைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று சீனாவிடம் சொல்கிறது. இந்தியா என்ற பெயரே அதில் இல்லை. கூப்பிட்டோம் என்றும் இல்லை, கூப்பிடவில்லை என்றும் இல்லை. தன் வீட்டு வாசலில் இரண்டு பேர் மல்லுக்கு நிற்கும்போது வீட்டுக்காரர் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு உள்ளே இருந்த கதையாக இருக்கிறது.

முத்திரைத்தாள் எழுதியது:

நல்ல கேள்வி. முதலில் எழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

1949 ஆகஸ்ட் 8 அன்று டார்ஜிலிங்கில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் 2ஆம் ஷரத்து இப்படிப் போகிறது: பூட்டானின் உள் நிர்வாகத்தில் இந்தியா தலையிடாது, வெளியுறவில் பூட்டான் இந்தியாவின் ஆலோசனைப்படி நடந்துகொள்ளும். இது டில்லி புதிதாகக் கண்டுபிடித்த வாசகம் இல்லை. 1910இல் ஆங்கிலேயர்கள் புனாக்காவில் எழுதி வாங்கியதைப் படியெடுத்தது. வெள்ளைக்காரன் காலி செய்த வீட்டில் அவன் போட்ட பூட்டும் அப்படியே தொங்கியது.

2007 பிப்ரவரி 8 அன்று புது ஒப்பந்தம். அந்த 'ஆலோசனைப்படி' போய்விட்டது. அதற்குப் பதில், தேச நலன் சார்ந்த விஷயங்களில் இருவரும் நெருக்கமாக ஒத்துழைப்போம், ஒருவர் மண்ணை மற்றவருக்கு எதிரான காரியத்துக்குப் பயன்படுத்த விடமாட்டோம் என்று வந்தது.

இனித்தான் உங்கள் மகனுக்கு வேண்டிய இடம். இரண்டு ஒப்பந்தங்களிலும், பூட்டானைத் தாக்கினால் இந்தியா வந்து காக்கும் என்ற வரி கிடையாது. தேடிப் பாருங்கள். 1959இல் திபெத்தில் நிலைமை கெட்டபிறகு நேரு நாடாளுமன்றத்தில் வாய்மொழியாகச் சொன்னதுதான், பூட்டான் எல்லையைக் காப்பது இந்தியாவின் பொறுப்பு என்பது. சொன்னவர் அவர். எழுதி வாங்காதவர்கள் பூட்டான்காரர்கள். ஏன் வாங்கவில்லை என்று யோசியுங்கள். எழுதி வாங்கினால் எப்போது வரலாம் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

ஷரத்து ஆராய்ச்சி அழகாக இருக்கிறது. வரைபடத்தை யாராவது விரித்தீர்களா?

டோக்லாமுக்குத் தெற்கே ஜம்பேரி மலைமுகடு. அதில் ஏறி நின்றால் கீழே சிலிகுரிப் பக்கத்துச் சமவெளி. அந்த வழித்தடம் மிகக் குறுகலான இடத்தில் சுமார் 22 கி.மீ. அகலம்தான். வடகிழக்கு மாநிலங்களுக்குப் போகும் ரயில், சாலை, எண்ணெய்க் குழாய் எல்லாம் அந்தச் சந்து வழியே போகின்றன. இந்தியப் படை டோக்லாமில் நின்றது தன் கழுத்தைக் காத்துக்கொள்ள. இதைப் போய் 'ஒத்துழைப்பு', 'நட்பு' என்று எழுதுவது பத்திரிகைக்காரர்களின் பழக்கம்.

சீனா 1990களிலேயே பூட்டானிடம் ஒரு பண்டமாற்று சொன்னது. வடக்கே பசம்லுங், ஜகர்லுங் பள்ளத்தாக்குகளில் 495 சதுர கி.மீ. மீதான உரிமையை விடுகிறோம், மேற்கே டோக்லாமையும் சேர்த்து 269 சதுர கி.மீ. கொடுங்கள் என்று. கணக்குப் பார்த்தால் பூட்டானுக்கு லாபம். ஏன் வாங்கவில்லை? யாருக்காக வாங்கவில்லை?

முத்திரைத்தாள் எழுதியது:

யாருக்காக என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு என்ன விலை பெற்றார்கள் என்பதுதான் பேசவேண்டியது. தயவுக்கு நிற்கிறவன் விட்டுக்கொடுப்பதும், பேரம் பேசுகிறவன் பிடித்துவைத்திருப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி தெரியும்.

சாலைக்காரன் எழுதியது:

நான் அங்கே வேலை பார்த்தவன். எல்லைச் சாலை அமைப்பின் 'தந்தக்' திட்டத்தில் மேற்பார்வையாளராக 1998 முதல் 2004 வரை கிழக்குப் பூட்டான். ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். மலை என்றால் பொதிகைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தவனை அங்கே கொண்டுபோய் விட்டார்கள்.

தந்தக் 1961இல் தொடங்கியது. அதற்கு முன் பூட்டானில் வண்டி ஓடும் சாலையே கிடையாது. 1958இல் நேரு பாரோவுக்குப் போனபோது எந்த வழியாகப் போனார் தெரியுமா? சிக்கிம், நாதுலா, அங்கிருந்து திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கு, பிறகு பூட்டான். குதிரையிலும் கால்நடையாகவும். இன்றைக்குச் சீனப் படை இருக்கிற அதே சும்பி. பூட்டானுக்கு வாசல் வடக்குப் பக்கமும் இருந்த காலம் அது. மறு ஆண்டு திபெத்தில் கலவரம், 1960இல் பூட்டான் வடக்கு வாசலைச் சாத்தியது. பிறகு தெற்கே ஒரு வாசல் திறந்தாக வேண்டும். இந்திய எல்லையோரத்துப் புன்ட்ஷோலிங்கிலிருந்து தலைநகர் திம்புவுக்கு 1962இல் சாலை முடிந்தது அப்படித்தான். நாங்கள் போட்டது சாலை மட்டும் என்று சொல்லமாட்டேன். ஒரு நாட்டின் முகத்தையே திருப்பி வைத்தோம்.

அந்தச் சாலைகளில் செத்தவர்கள் எங்கள் ஆட்கள் ஆயிரத்துக்கும் மேல். மழைக்காலத்தில் காலையில் மண்ணை அள்ளி வழிவிட்டால் மத்தியானம் அதே இடத்தில் மறுபடி சரியும். தார் பீப்பாய் உருண்டு பள்ளத்தில் போய்விட்டால் எழுத வேண்டிய விளக்கம் நான்கு பக்கம். ஆள் போனால் ஒரு பக்கம். அது வேறு கதை.

ஊர்க்காரர்கள் எங்களிடம் மரியாதையாகத்தான் இருந்தார்கள். ஆனால் என் மேலதிகாரி ஒருவர் உள்ளூர்ப் பொறியாளரிடம் கொஞ்சம் அதட்டலாகப் பேசிவிட்டார். அந்த மனிதர் பதில் பேசவில்லை. சிரிக்கவும் இல்லை. ஒரு வாரம் எங்கள் கோப்பு எதுவும் அவர் மேசையிலிருந்து நகரவில்லை. பூட்டான்காரர்களின் கோபம் அப்படித்தான் இருக்கும். டோக்லாம் அறிக்கையைப் பற்றித் திண்ணைவாசி எழுதியதைப் படித்தபோது அந்த மேசைதான் நினைவுக்கு வந்தது.

வடமராட்சி எழுதியது:

முத்திரைத்தாள் சொன்ன 2007ஆம் ஆண்டு வாசகம், ஒருவர் மண்ணை மற்றவருக்கு எதிராக விடமாட்டோம் என்பது, எங்களுக்குப் பழக்கமான குரல். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் ஜயவர்தனாவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகம் பற்றி இதே பொருளில் வரி இருக்கிறது. இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் இராணுவத்துக்கும் கொடுக்கக் கூடாது என்று.

ஆனால் எங்களிடம் அந்தக் கடிதத்தோடு படையும் வந்தது. 1990 மார்ச் வரை இருந்தது. அந்த மூன்று வருடத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் இழை வேறு பக்கம் போய்விடும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். பூட்டானுக்குள்ளும் அசாம் கிளர்ச்சிக்காரர்கள் முகாம் போட்டிருந்தார்களே. அங்கே ஏன் இந்தியப் படை நுழையவில்லை?

சாலைக்காரன் எழுதியது:

தம்பி, அதற்கு நான் கிட்டத்தில் இருந்து பார்த்த சாட்சி.

உல்ஃபா, போடோ முன்னணி, காம்தாபூர்காரர்கள் என்று மூன்று கூட்டம். தெற்குக் காடுகளில் 30 முகாம். பூட்டான் அரசர் ஜிக்மே சிங்யே வாங்சுக் சுமார் ஆறு வருடம் அவர்களோடு பேசிப் பார்த்தார். போய்விடுங்கள் என்று கேட்டார், சோறு கொடுக்கிறவர்களைத் தண்டித்தார், எதுவும் நடக்கவில்லை. டில்லியிலிருந்து நெருக்கடி ஏறிக்கொண்டே இருந்தது. எங்கள் முகாமில் தேநீர் வேளையில் பந்தயமே கட்டினார்கள், இந்த மழைக்காலம் முடிந்ததும் நம் படை உள்ளே வரும் என்று.

அப்போது பூட்டானின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குத் தெற்கு வழியாகப் போக அசாமுக்குள் இறங்கித்தான் போக வேண்டும். உள்ளே நேர்ச்சாலை இல்லை. 2000 டிசம்பரில் அப்படிப் போன பூட்டான்காரர்களைப் பஸ்ஸை மறித்துச் சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகு எல்லா வண்டிகளும் பாதுகாப்போடு சேர்ந்து வரிசையாகத்தான் போகும். நான் விடுப்புக்கு ஊருக்கு வரும்போது சம்த்ருப் ஜோங்கரிலிருந்து ரங்கியா ரயில் நிலையம் வரைக்கும் மடியில் பையை வைத்துக்கொண்டு, பேச்சு மூச்சில்லாமல் போன பயணங்கள் உண்டு.

2003 டிசம்பர் 15 காலை. வேலையை நிறுத்துங்கள், யாரும் முகாமை விட்டு வெளியே போகக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. செல்பேசி அந்த நாட்டுக்கு வந்தே ஒரு மாதம்தான், எங்களிடம் ஏது. வானொலியைச் சுற்றி உட்கார்ந்தோம். நுழைந்தது பூட்டான் படை. அரசரே முன்னால் போனார். இந்தியப் படை எல்லைக்கு வெளியே நின்று, ஓடிவருகிறவர்களை மறித்தது, காயம்பட்டவர்களுக்கு உதவியது. உள்ளே கால் வைக்கவில்லை. அந்த மாதமே முகாம்கள் எல்லாம் தரைமட்டம். சின்னப் படை, அதுவரை போர் பார்க்காத படை. தேநீர்ப் பந்தயத்தில் நான் ஐம்பது ரூபாய் தோற்றேன்.

நாங்கள் இருந்த இடத்துக்கு அருகில் தேவாதாங். பழைய பெயர் தேவாங்கிரி. 1865இல் ஆங்கிலேயர்களோடு பூட்டான்காரர்கள் சண்டை போட்ட இடம். 1949 ஒப்பந்தத்தில் இந்தியா 32 சதுர மைல் திருப்பிக் கொடுத்ததே, அது இந்தப் பகுதிதான். அங்கே இருக்கிறவர்களுக்கு நிலத்தில் இன்னொரு படை இறங்கினால் திரும்பப் போக எத்தனை காலம் ஆகும் என்று பாட்டன் காலத்திலிருந்து தெரியும்.

முத்திரைத்தாள் எழுதியது:

இதைத்தான் சொல்ல வந்தேன், சாலைக்காரன் ஐயா முந்திக்கொண்டார். 2003ஐத் தானே செய்து முடித்ததால்தான் 2007 கிடைத்தது. உன் மண்ணில் என் எதிரி என்ற பேச்சுக்கு இடம் இல்லாமல் செய்துவிட்டு, பிறகு உட்கார்ந்து 'ஆலோசனைப்படி'யை அடித்துவிடலாமே என்றார்கள். டில்லியால் மறுக்க முடியவில்லை. ஆயுதம் வாங்கும் ஷரத்து மட்டும் முழுதாக அவிழவில்லை. இந்தியாவுக்கு ஆபத்தில்லை என்று இந்தியா திருப்தி அடைய வேண்டும் என்ற நிபந்தனை நிற்கிறது.

கரும்பலகை எழுதியது:

எல்லோரும் அரசரைப் புகழ்ந்து முடித்துவிட்டீர்களா? எனக்கும் அந்த நாடு பிடிக்கும். அதனால்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

1980களின் பிற்பாதியில் தெற்குப் பூட்டானில் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். ஆசிரியர் அறையில் பெரும்பாலும் மலையாளிகள், நானும் இன்னொருவரும் தமிழ். பிள்ளைகளில் பாதிக்கு மேல் நேபாளி பேசுகிற வீட்டுப் பிள்ளைகள். 1989இல் நேபாளிப் பாடத்தை நிறுத்தினார்கள். பாடநூல்களைச் சணல் கயிற்றால் கட்டி, விளையாட்டுச் சாமான் அறையில் வலைப்பந்துக் கம்பத்துக்குப் பின்னால் அடுக்கியதை நான்தான் மேற்பார்த்தேன். 1990 செப்டம்பரில் ஊர்வலங்கள். பிறகு பள்ளியையே பூட்டினார்கள். என்னை வடக்கே மாற்றினார்கள். கிளம்பும்போது வருகைப் பதிவேட்டைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்தேன். 41 பெயர். அதில் எத்தனை பேர் அந்த நாட்டில் மிஞ்சினார்கள் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

லட்சம் பேருக்கு மேல் வெளியேறினார்கள். பூட்டானுக்கும் நேபாளத்துக்கும் பொது எல்லை கிடையாது, நடுவில் இருப்பது இந்தியா. இந்திய மண்ணில் லாரிகளில் ஏற்றப்பட்டு நேபாளத்தின் ஜாப்பா முகாம்களுக்குப் போனார்கள். பிறகு திரும்பி நடந்து வர முயன்றபோது மேச்சிப் பாலத்தில் இந்தியப் போலீஸ் மறித்தது. டில்லியைக் கேட்டால் அது பூட்டானும் நேபாளமும் பேசிக்கொள்ளவேண்டிய விஷயம் என்றது. 2007க்குப் பிறகு பெரும்பாலோரை அமெரிக்கா முதலிய நாடுகள் எடுத்துக்கொண்டன.

பாதுகாப்பு ஒத்துழைப்பு என்றால் பெரிய நாடு சின்ன நாட்டுக்கு என்ன கொடுத்தது என்று பட்டியல் போடுகிறீர்கள். எதைப் பார்க்காமல் இருந்து கொடுத்தது என்பதையும் அதில் எழுதுங்கள்.

வடமராட்சி எழுதியது:

நன்றி டீச்சர். இதற்கு மேல் நான் எழுத ஒன்றும் இல்லை.

குறுக்குக்கேள்வி எழுதியது:

கரும்பலகை அம்மா சொன்னது என் கட்சிக்குப் பலம். என்னிடம் இன்னொன்று இருக்கிறது, எரிவாயு உருளை.

2012 ஜூனில் ரியோ மாநாட்டில் பூட்டான் பிரதமர் ஜிக்மே தின்லே சீனப் பிரதமர் வென் ஜியாபாவோவைச் சந்தித்தார். மறு ஆண்டு ஜூலை 13 அன்று பூட்டானில் தேர்தலின் இறுதிச் சுற்று. ஜூலை 1 முதல் சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இந்தியா கொடுத்துவந்த மானியம் நின்றது. திட்டக்காலம் முடிந்துவிட்டது, கணக்குப் புதுப்பிக்க வேண்டும் என்று விளக்கம் சொன்னார்கள். உருளை விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. முதல் சுற்றில் முந்தியிருந்த தின்லே கட்சி இறுதியில் 47இல் 15 இடம் வாங்கித் தோற்றது. தேர்தல் முடிந்த சில வாரத்தில் மானியம் திரும்பியது.

கணக்குப் புதுப்பிக்கிற குமாஸ்தாவுக்கு நல்ல ஜோதிட ஞானம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

உருளையைப் பிடித்துக்கொண்டு மின்சாரத்தை விட்டுவிட்டீர்கள். பூட்டானின் உண்மையான முடிச்சு ஆற்றில் இருக்கிறது.

சுக்கா திட்டம், 336 மெகாவாட், 1974 ஒப்பந்தம். இந்தியா 60 சதவீதம் மானியம், 40 சதவீதம் கடன். மிச்ச மின்சாரத்தை இந்தியாவே வாங்கிக்கொள்ளும். கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் நல்லது. அடுத்து தாலா, 1,020 மெகாவாட். அதுவரை சரி. பிறகு விகிதம் புரண்டது. மாங்தேசு, புனாட்சாங்சு-2 இரண்டிலும் மானியம் 30, கடன் 70. புனாட்சாங்சு-1 இருக்கிறதே, 1,200 மெகாவாட், 2008இல் தொடங்கியது. 2013இல் அணை கட்டும் இடத்தில் வலப்பக்க மலை நகர ஆரம்பித்தது. இருபது ஆண்டை நெருங்குகிறது, இன்னும் விளக்கு எரியவில்லை. செலவு ஏறிக்கொண்டே போகிறது. கடன் பூட்டான் பேரில்.

குளிர்காலத்தில் ஆறு வற்றினால் பூட்டான் இந்தியாவிடமிருந்து மின்சாரம் வாங்குகிறது. விற்பவனே வாங்குகிறான். ரூபாய்க்கும் பூட்டான் நாணயமான நுல்ட்ரத்துக்கும் சம மதிப்பு என்பதால் இதில் நாணயமாற்றுத் தொல்லை இல்லை என்பது மட்டும் ஆறுதல்.

நெறியாளர்:

அரிசி, ஏலக்காய் விலை பற்றி வந்த இரண்டு பதிவுகளைச் சந்தை இழைக்கு மாற்றியிருக்கிறேன். ஒருவரையொருவர் 'டில்லி அடிவருடி', 'சீன ஏஜண்ட்' என்று அழைத்த பதிவுகள் நீக்கப்பட்டன. இருவரும் பிறகு தனிமடலில் சமாதானமாகிவிட்டதாகச் சொன்னார்கள், மகிழ்ச்சி.

முத்திரைத்தாள் எழுதியது:

குறுக்குக்கேள்வி, எரிவாயு விஷயத்தை மறுக்கமாட்டேன். தமிழ்நாட்டில் அடுப்பு அணைந்தால் ஓட்டு மாறும் என்று தெரிந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டாம். ஆனால் அந்த நாடு முடியாது என்று சொன்ன சந்தர்ப்பங்களையும் வரிசையில் வையுங்கள்.

1985இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் பூட்டான் சேர்ந்தது. இந்தியா இன்றுவரை சேரவில்லை. இது 'ஆலோசனைப்படி' இருந்த காலத்திலேயே நடந்தது. 2015 ஜூனில் திம்புவிலேயே கையெழுத்தான நான்கு நாட்டு (இந்தியா, வங்கதேசம், நேபாளம், பூட்டான்) வாகனப் போக்குவரத்து ஒப்பந்தத்தை, மோடி அரசு எவ்வளவு ஆசைப்பட்டும், 2016 நவம்பரில் பூட்டானின் மேலவை நிராகரித்தது. எங்கள் சாலைகள் தாங்காது, லாரிக்காரர்கள் பிழைப்பு போகும் என்றார்கள். டில்லி மற்ற இருவரோடு போய்க்கொண்டது.

சீனாவுடன் எல்லை பற்றி 1984 முதல் நேரடியாகப் பேசுகிறார்கள். டோக்லாமுக்குப் பிறகு சுற்றுகள் நின்றன. 2021 அக்டோபரில் மூன்று படி வழிமுறைக்குக் கையெழுத்து, 2023 அக்டோபரில் பெய்ஜிங்கில் 25ஆம் சுற்று. பூட்டானுக்குச் சீனாவோடு தூதரக உறவே கிடையாது, பேச்சு மட்டும் 40 ஆண்டாக நடக்கிறது. அதே 2023இல் அப்போதைய பிரதமர் லோட்டே ட்ஷெரிங் ஒரு பெல்ஜியப் பத்திரிகைக்குச் சொன்னார்: டோக்லாமைப் பூட்டான் தனியாகத் தீர்க்க முடியாது, நாங்கள் மூன்று நாடு, பெரியது சிறியது இல்லை, மூவரும் சமம். டில்லிப் பத்திரிகைகள் பதறின. சீனாவையும் பங்காளியாக்கிவிட்டாரே என்று. நான் அதை இன்னொரு விதமாகப் படித்தேன். இந்தியாவையும் அவர்தான் பங்காளி என்றார். 2017இல் சொல்லாமல் விட்டதை ஆறு வருடம் கழித்து, படை எதுவும் எதிரெதிரே நிற்காத நேரத்தில், வேறு கண்டத்துப் பத்திரிகையில் சொன்னார்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

அந்த ஆறு வருடத்தில், பூட்டான் தன்னுடையது என்று சொல்லும் பள்ளத்தாக்குகளில் சீனா ஊர்களையே கட்டிவிட்டது. அமோ சூ ஆற்றுப் பக்கம் பாங்டா, வடக்கே கியாலபுக். உங்கள் பொறுமைசாலி அதற்கும் உரத்துப் பேசவில்லை. பேரத்துக்காகப் பிடித்துவைத்த நிலத்தில் எதிராளி வீடு கட்டிக் குடியேறினால் அதற்கு என்ன பெயர்?

முத்திரைத்தாள் எழுதியது:

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையாகவே இல்லை.

திண்ணைவாசி எழுதியது:

எல்லாவற்றையும் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்படியானால் கூப்பிடவில்லை, ஆனால் போ என்றும் சொல்லவில்லை. அவ்வளவுதானே?" என்றான். ஆமாம் என்றேன். பிறகு டீச்சர் எழுதியதை மட்டும் தன் பேசியில் வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டான்.

கரும்பலகை அம்மா, பிறகு அந்தப் பக்கம் போனீர்களா?

கரும்பலகை எழுதியது:

ஒரே ஒரு முறை, 2013இல். பள்ளி இருந்த ஊருக்குப் போகவில்லை. புன்ட்ஷோலிங் வாயில் வரைக்கும்தான். இந்தப் பக்கம் ஜெய்காவ், ரிக்‌ஷா மணியும் ஒலிபெருக்கியும் சாக்கடையும். டிராகன் வரைந்த வாயிலைத் தாண்டி நான்கு அடி வைத்தால் ஒலிப்பான் சத்தம் அடங்கிவிடும், கார் நின்று வழிவிடும். அதே மனிதர்கள்தான், காலையில் இங்கே காய் வாங்கி மாலையில் அங்கே சமைப்பவர்கள்.

கணக்குப்பிள்ளைக்கு ஒரு திருத்தம். ரூபாயும் நுல்ட்ரமும் சமம் என்பது காகிதத்தில். திரும்பும்போது கையில் நூறு நுல்ட்ரம் தாள் ஒன்று மிஞ்சியது. ஜெய்காவ் கடையில் கொடுத்து ஆரஞ்சுப் பழம் கேட்டேன். கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு 90 ரூபாய்க்குத்தான் போட்டார். ஏன் என்றேன். "ரூபாய்க்குத் தட்டுப்பாடு வந்ததிலிருந்து இப்படித்தான் அம்மா, இதை மாற்ற நான்தானே அலைய வேண்டும்" என்றார். பழம் நன்றாக இருந்தது, பூட்டான் பழம்தான்.